சட்டியில் பிரட்டிய சோறு

நான் கறி சாப்பிடுவதில்லை என்று சொன்னால் கேள்விகள் ஒரு வரிசையில்தான் வரும். முதலில், "முட்டை?" அடுத்து, "மீன்?" மூன்றாவது, "உடம்புக்கு ஏதாவதா?" நான்காவது கேள்வியை யாரும் உடனே கேட்பதில்லை. தண்ணீர் குடிப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள், எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று சுற்றிக்கொண்டு வருவார்கள். அந்த நான்காவது கேள்வி சாப்பாட்டைப் பற்றியதே அல்ல.

என் வேலை, தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளைப் பராமரிப்பது. கள்ளக்குறிச்சியில் காலை பஸ் ஏறி, மலைப்பாதையின் வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளிமலை போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து ஜீப்பில் ஒவ்வொரு சுகாதார நிலையமாகப் போக வேண்டும். பெட்டிக்குள் இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. கதவு ரப்பர், வெப்பமானி, ஸ்டெபிலைசர், மின்சாரம் நின்ற நேரங்கள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவேன். எதற்கும் ஒரு வரிசை இருந்தால் எனக்கு மனம் நிற்கும். அதனால்தானோ என்னவோ, கறி சாப்பிடாதவர்களைப் பார்த்தால் அவர்களுடைய காரணத்தையும் மனதில் அடுக்கி வைத்துக்கொள்வேன்.

மலையில் ஒரு நிலையத்தின் நர்சம்மா ஆட்டுக்கறி தொடமாட்டார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சாமைச் சோற்றைப் போட்டுவிட்டுக் கோழிக் குழம்புக் கரண்டியைத் தூக்கினார். நான் தட்டை மூடினேன்.

"ஏம்மா, ஐயரூட்டுப் பொண்ணா?" என்றார். நான்காவது கேள்வியை முதலிலேயே கேட்ட ஒரே ஆள் அவர்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

"இல்லக்கா. ரிஷிவந்தியம் பக்கம். வெவசாயக் குடும்பம்."

"அப்பறம் இன்னாத்துக்கு வெரதம்? கல்யாணம் ஆவணும்னா?"

"நீங்க ஏன்க்கா ஆட்டுக்கறி சாப்புடறதில்ல?"

"சின்னதுல ஒரு ஆடு வளத்தேன். பள்ளிக்கூடத்துக்கு என் கூடவே வரும். வாத்தியாரு அதுக்கும் சேத்து அட்டெனன்ஸ் எடுப்பாரு. ஒரு நாள் வரல. அன்னிக்கு வூட்ல கறி." சொல்லிவிட்டு என் தட்டில் மொச்சைக் குழம்பை ஊற்றினார். "என் கத அவ்ளோதான். உன் கத இன்னா?"

"எங்க அம்மா ஒரு வேண்டுதல்ல இருக்காங்கக்கா," என்றேன்.

"அம்மா வேண்டிக்கினா நீ ஏன் துன்னல?"

சாமைச் சோறு சூடாக இருந்தது. சாப்பிட்டேன்.

கரும்பும் நெல்லும் மாற்றி மாற்றிப் போடும் வீடு எங்களுடையது. அப்பா, அம்மா, அண்ணன், நான். ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி. அப்பா விடிந்ததும் தியாகதுருகம் போய் மட்டன் வாங்கி வருவார். பட்டை, கிராம்பு, சோம்பு, கசகசா எல்லாவற்றையும் அம்மா வறுக்கத் தொடங்கும்போதே அண்ணன் அடுப்படி வாசலில் வந்து நிற்பான். யாருக்கு எது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். நல்லி எலும்பு அண்ணனுக்கு. ஈரல் எனக்கு. நெஞ்செலும்பு அப்பாவுக்கு. அம்மாவுக்கு எது என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் அம்மாவின் பங்கு எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தொடங்குவது.

கறி வறுத்த மண்சட்டியில் ஒன்றும் மிச்சமிருக்காது. சட்டியின் உடம்பில் ஒட்டிய கருத்த மசாலாவும், அடியில் கொஞ்சம் எண்ணெயும், எங்கேயோ ஒரு மூலையில் சிக்கிய வெங்காயமும்தான். அம்மா அதில் சுடுசோற்றைப் போட்டு, கையாலேயே சுற்றிச் சுற்றிப் பிரட்டுவாள். சோறு சட்டியைத் துடைத்துக்கொண்டு வரும். வெள்ளைச் சோறு மெல்ல மெல்லப் பழுப்பாகும். வயிறு முட்டத் தின்றுவிட்டு எழுந்த நாங்கள் மூவரும் அப்போது மறுபடி வந்து சுற்றி உட்காருவோம். ஆளுக்கு ஓர் உருண்டை. அண்ணன் மட்டும் இரண்டு கையையும் நீட்டுவான்.

"ரெண்டு கை இருந்தா ரெண்டு வயிறாடா?" என்பாள் அம்மா.

"ஒன்னு பாப்பாவுக்கும்மா."

"பாப்பா கை இன்னா ஆச்சு?"

"அது படிச்சிகினு இருக்கு."

நான் அவன் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டு உருண்டையும் அவன் வாய்க்குத்தான் போகும். மிச்சத்தை அம்மா சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். அப்போது அவளோடு பேசினால் பதில் வராது. கறியை அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்ட ஒருத்தியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து, கிடைத்த வேலைகளில் ஒன்றும் நிலைக்காமல், சவுதிக்குக் கிளம்பினான். புறப்பட்ட அன்று காலை ஊர் எல்லையில் இருக்கும் அம்மன் கோயிலில் அம்மா கற்பூரம் ஏற்றினாள். எங்கள் பக்கம் வேண்டுதலை வாய்க்குள் முணுமுணுக்க மாட்டார்கள். பூசாரிக்கும் கூட நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லவேண்டும். சொன்ன சொல் சொன்னபடியே நிற்கும் என்பது கணக்கு. அம்மாவும் சத்தமாகத்தான் சொன்னாள்.

"தாயே, எம்புள்ள நல்லபடியா திரும்பி வந்து, என் கையால ஆக்கின கறிய துன்னணும். அவன் துன்ன பெறகுதான் நான் கவுச்சிய வாயில வைப்பேன்."

அண்ணனை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அப்பா கேட்டார். "திரும்பி வரணும்னு சொல்லி நிறுத்திகினு இருக்கலாமில்ல? துன்னணும்னு வேற எதுக்கு சேத்துக்கின?"

"வூட்டுக்கு வர்ற புள்ள துன்னாம எங்க போவான்? வெறும் வாயோட வந்து நிப்பானா?" என்றாள் அம்மா. அவளுக்கு வருவதும் சாப்பிடுவதும் ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அம்மா வழக்கம்போல் கறி ஆக்கினாள், எங்கள் இருவருக்கு மட்டும். எங்களுக்குப் போட்டுவிட்டு அவள் மோர் ஊற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். ஈரல் என் தட்டில் இருந்தது.

"ஏண்டி, அப்படியே கீது?"

"வேணாம்மா."

"உனக்கு யாருடி வேண்டிக்கினா? நான்தான வேண்டிக்கினேன்?"

"நீ மோருஞ்சோறு துன்னுகினு இருக்கப்போ எனக்கு எறங்கல."

"எறங்கலன்னா தண்ணி குடி."

நான் தண்ணீர் குடித்தேன். ஈரல் அப்பாவின் தட்டுக்குப் போனது. நான் சைவமானது இவ்வளவுதான். அதில் கொள்கை இல்லை, ஆராய்ச்சி இல்லை. ஒருத்தி தனியாகச் சாப்பிடுவதைப் பார்க்க முடியவில்லை. அது ஒரு காரணமா என்று எனக்கே தெரியாததால்தான் நர்சம்மாவிடம் சொல்ல வரவில்லை.

அப்பா ஒருத்தருக்காக மட்டும் அம்மா கறி ஆக்குவது சில வாரங்களில் நின்றுவிட்டது. அவர் தியாகதுருகத்தில் ஒரு மெஸ்ஸைக் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை உரம் வாங்க, ஸ்ப்ரேயர் பழுது பார்க்க என்று ஏதாவது வேலை அவருக்கு அங்கே வந்துவிடும். திரும்பும்போது ஏலக்காயை மென்றுகொண்டே வருவார்.

"இன்னாங்க, ஏலக்கா வாசன தூக்குது?"

"மளிக கட பாய் குடுத்தாரு."

"பாய் ஏலக்கா மட்டும்தான் குடுத்தாரா, நெஞ்செலும்பும் சேத்து குடுத்தாரா?"

அப்பா சிரித்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போவார். அம்மாவுக்குக் கோபமில்லை. ஆனால் அவர் கடந்து போகும்போது மூச்சை ஒரு நொடி உள்ளே இழுத்து வைத்துக்கொள்வாள். நானும் அப்படித்தான். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நிற்கும்போது பிரியாணிக் கடையில் தம் உடைப்பார்கள். பஸ் எங்கே என்பது எனக்கு மறந்துபோகும். இதைச் சொல்வதில் வெட்கமில்லை. கறி பிடிக்காமல் விட்டவர்கள் உண்டு. நாங்கள் இருவரும் பிடித்திருந்தும் விட்டவர்கள்.

அண்ணன் வருவது தள்ளிக்கொண்டே போனது. ஒரு முறை கம்பெனியில் பாஸ்போர்ட்டைத் தரவில்லை. ஒரு முறை வேறொருவனுக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். பிறகு விமானங்களே ஓடாத காலம் வந்தது. ஒவ்வொரு முறை அவன் வருகிறேன் என்று சொன்னதும் அம்மா ஒரு சேவலை ஒதுக்கி வைப்பாள். முதல் சேவல் வளர்ந்து முற்றி, அப்பாவைக் கண்டால் துரத்திக் கொத்தும் அளவுக்கு ரவுடியாகி, கடைசியில் பக்கத்து வீட்டு வளைகாப்புக்குப் போயிற்று. இரண்டாவதை நாய் தூக்கிக்கொண்டு போனது. மூன்றாவது செம்பழுப்பு நிறம். அதற்கு அம்மா கையிலேயே கம்பு வைத்து ஊட்டினாள்.

"இதுக்கு இன்னா ராஜ உபசாரம்?" என்றார் அப்பா.

"எம்புள்ளைக்குப் போறது. உங்களுக்கு இன்னா?"

ஒரு நாள் மலைமேல் நர்சம்மாவின் நிலையத்தில் இருந்தபோது அண்ணன் போனில் கூப்பிட்டான். அந்தச் சுகாதார நிலையத்தில் சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும்தான் நிற்கும். பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு அங்கே ஓடினேன்.

"இன்னாடி பாப்பா, மலையா?"

"ஆமாண்ணா. பொட்டி சர்வீஸு. நீ?"

"லீவு கெடச்சிடுச்சு. டிக்கெட்டும் போட்டாச்சு."

நான் கத்திய கத்தலில் நர்சம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அண்ணனிடமிருந்து சிரிப்பு வரவில்லை. "அம்மா இன்னும் சேவல் வளக்குதா?" என்றான்.

"வளக்குது. நீ வந்தா அதுதான் உனக்கு வழி காட்டும், அவ்ளோ பெருசு."

"பாப்பா, நான் கறி சாப்புடறத வுட்டுட்டேன்."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையே சொன்னான்.

பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தான். கோழிக்கறி கம்பெனி என்பது எனக்கே அன்றுதான் தெரியும். "கோழி தொங்கினே வரும்டி. நான் தொடைய எடுக்கணும். அது போனா அடுத்தது. அது போனா அடுத்தது. கண்ண மூடினாலும் வந்துகினே கீது. நீ நெனக்கிற மாரி பாவ புண்ணியம்லாம் இல்ல. கைய எத்தினி சோப்பு போட்டு கழுவினாலும் சோத்துல வச்சா அந்த வாசன. மெஸ்ஸுலயும் அதே கோழிதான் போட்றான். ஒரு நாள் தட்ட தள்ளினேன். அப்பறம் எடுக்கல."

எனக்குத் தெரிந்ததைக் கேட்டேன். "கோழி வெட்டற ஹால்ல எத்தன டிகிரி வைப்பாங்க?"

"நாலு இருக்கும்."

"என் பொட்டியிலயும் நாலுதான்."

இப்போது சிரித்தான். "அப்ப எனக்கும் சர்வீஸ் பண்ணிட்டுப் போ."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அம்மாகிட்ட சொல்லாத. ஒரு நாள்தான? ரெண்டு துண்டு முழுங்கிட்டா முடிஞ்சிது. அது அப்பறம் நிம்மதியா துன்னட்டும். எனக்காக எத்தினி வருசமா வாயக் கட்டிகினு கீது."

பெட்டியிடம் திரும்பி வந்தேன். கதவு திறந்திருந்த நேரத்தில் வெப்பம் ஏறியிருந்தது. மூடிவிட்டு அது இறங்கும்வரை முன்னால் நின்றேன். அண்ணன் தின்றால் அம்மா தின்னலாம். அண்ணன் தின்னாவிட்டால் அம்மாவுக்கு இனி எப்போதுமே இல்லை. இடையில் வேறு வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் வந்தான். மெலிந்திருந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. அம்மா அழவில்லை, அவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு தியாகதுருகம் பாய் கடைக்குப் போனாள். இத்தனை வருடமும் அந்தக் கடையில் அவள் மிளகாயும் தனியாவும் புளியும்தான் வாங்கினாள். அன்று பட்டை, கிராம்பு, சோம்பு, கசகசா என்று சொல்லத் தொடங்கியதும் பாய் தராசை விட்டு நிமிர்ந்தார்.

"புள்ள வந்துட்டானாம்மா!"

"வந்துட்டான் பாய்."

"உன் புள்ள அங்க போனதுல நஷ்டம் எனக்குத்தான். இந்த சோம்பு டப்பாவ பாக்கும்போதெல்லாம் உன் நெனப்புதான் வரும்." ஏலக்காயை எடைக்கு மேலேயே அள்ளிப் போட்டார். "எனக்கும் டாக்டர் கறிய நிறுத்திட்டாரும்மா. யூரிக் ஆசிட் ஜாஸ்தியாம். பெருநாளுக்கு ஊருக்கெல்லாம் பிரியாணி குடுத்தனுப்பிட்டு நான் ரசஞ்சோறு துன்றேன். உங்க சாமியாச்சும் புள்ள வந்தா வுட்டுடுது. டாக்டர் வுடமாட்டாரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ்ஸில் திரும்பும்போது பையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் ஒருமுறை பிரித்து மோந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா செம்பழுப்புச் சேவலை அறுத்து, மஞ்சள் தடவித் தீயில் வாட்டி, கிணற்றடியில் கத்தியோடு உட்கார்ந்தார். அப்பாவுக்குக் கோழி வெட்ட வராது. எலும்பைச் சில்லுச் சில்லாக நொறுக்குவார். வாயில் குத்தும். முற்றிய சேவல் வேறு. இரண்டு முறை வழுக்கி மணலில் விழுந்தது. அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வுடுப்பா, கைய அறுத்துக்கப் போற," என்று சொல்லிவிட்டுக் கத்தியை வாங்கினான்.

யோசித்து வாங்கியதாகத் தெரியவில்லை. உட்கார்ந்தான். தொடை மூட்டில் கத்தி முனை ஒரு சுற்று, ஒரு திருகு. தொடை தனியாக வந்தது. அடுத்த தொடை. இறக்கை. நெஞ்சு. கத்தி எலும்பில் படும் சத்தமே இல்லை. கை மட்டும் ஓடியது, அவன் கண் வேறெங்கோ இருந்தது. துண்டுகள் தட்டில் ஒரே அளவில் வரிசையாக விழுந்தன. அப்பா, "அட!" என்றார். நாங்கள் எல்லோரும் ஒரு துணியைத் தைப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றோம். முடித்த பிறகும் அவன் இடது கை அடுத்ததை எடுக்க நீண்டது. அங்கே ஒன்றும் இல்லை. கையை இழுத்துக்கொண்டான்.

அடுப்படி வாசலில் நின்ற அம்மா இதையெல்லாம் பார்த்தாள்.

"எங்கடா கத்துக்கின இத?"

"கம்பெனிலம்மா."

"சூப்பர்வைசர்னு சொன்ன?"

"எல்லாம்தாம்மா பாக்கணும்."

அவன் குழாயடிக்குப் போனான். சோப்பு போட்டான். எலுமிச்சம்பழத் தோலால் விரல் இடுக்குகளைத் தேய்த்தான். மறுபடி சோப்பு. கையை மூக்கருகே கொண்டுபோனான். மறுபடி சோப்பு. அம்மா தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போய் வெங்காயம் வதக்கத் தொடங்கினாள்.

மதியம் தட்டுகள் போடப்பட்டன. அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் அம்மா தன் தட்டையும் போட்டாள், காலியாக. அவன் ஒரு வாய் தின்றதும் அவளும் போட்டுக்கொள்ளலாம். வீடு முழுக்க அந்த மணம். எனக்கு உமிழ்நீர் ஊறியது. அம்மா தொடைத் துண்டை எடுத்து அவன் சோற்றின்மேல் வைத்தாள். அவன் பிசைந்தான். ஒரு துண்டைப் பிய்த்துச் சோற்றோடு சேர்த்து உருட்டினான். வாய்க்குக் கொண்டுபோகும் வழியில், தன்னை அறியாமல், விரல்களை மோந்தான்.

அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கீழ வை."

"இன்னாம்மா?"

"கீழ வைடா."

"துன்னுட்றேம்மா. உன் வேண்டுதல்..."

"என் வேண்டுதல நான் பாத்துக்கறேன். நீ மோரு ஊத்திக்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன். அம்மா அவன் தட்டை எடுத்துக்கொண்டுபோய் வேறு தட்டு கழுவிக் கொண்டுவந்தாள். அதில் மோர்ச்சோறு போட்டாள். தனக்கும் போட்டுக்கொண்டாள். எனக்கும். மூன்று பேரும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

அப்பா கறிக்குழம்பின் முன்னால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். "அப்ப இத்தினி கொழம்பும்?"

"துன்னுங்க. இங்கயே ஒக்காந்து துன்னுங்க. ஏலக்கா வேணாம்."

அண்ணன் சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை. அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே மோர்ச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள்.

பிறகு அவள் அடுப்படிக்குப் போவதைப் பார்த்தேன். சூட்டோடு இருந்த சட்டியில், மசாலா ஒட்டிக் கருத்திருந்த அந்தச் சட்டியில், ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். சுர்ரென்று ஆவி எழுந்தது. எத்தனையோ வருடமாக அந்தச் சட்டிக்காகத்தான் காத்திருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வழி தேடாமல் இல்லை. அடுத்த நாள் அப்பா ஒரு யோசனை சொன்னார். "முட்ட துன்னுவானா கேளு. முட்டையும் கவுச்சிதான. ஒரு முட்ட துன்னா கணக்கு தீந்துது."

"சாமிக்கு முட்டைக்கும் கறிக்கும் வித்தியாசம் தெரியாதா? உங்கள மாரியா அது?"

பூசாரி, பிள்ளை நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டான், அதுவே போதும், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றார். அம்மா கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும், "நான் சத்தமா சொன்ன வார்த்தைய அவரு எப்படி மாத்துவாரு?" என்றாள். அவ்வளவுதான். அதில் வருத்தம் தெரியவில்லை. ஒரு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதுபோல் அதை வைத்துவிட்டாள்.

என்னிடம் மட்டும் சொன்னாள். "நீ துன்னுடி. உனக்கு இனிமே இன்னா கீது?"

"யோசிச்சு சொல்றேம்மா," என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் புறப்பட ஒரு வாரம் இருந்தபோது நர்சம்மா ஒரு பலாக்காயைத் தூக்கிக் கொடுத்தார். அவர் வீட்டு மரத்தில் காய்த்தது. கொட்டை பிடிக்காத பிஞ்சு. அண்ணன் கதையை அவரிடம் சொல்லியிருந்தேன். "எங்க ஆட்டுக்கு நான் செஞ்ச மாரி அழுதுகினு இருக்காதீங்க. இத ஆக்கித் துன்னுங்க," என்றார். மலைப்பாதை முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பால் வடிந்து சுடிதார் ஒட்டிக்கொண்டது.

அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரிந்தாள். பாய் கொடுத்த பட்டையும் சோம்பும் கசகசாவும் மிச்சம் இருந்தன. அவற்றை வறுத்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் தலையை நீட்டினாள்.

"இன்னாக்கா, வெள்ளிக்கெழம அதுவுமா கறி வாசன வருது!"

"பலாக்கா மே! சந்தேகம் இருந்தா வந்து எலும்ப தேடிப் பாரு!"

அண்ணன் நன்றாகவே சாப்பிட்டான். அப்பா ஒரு துண்டை நீண்ட நேரம் மென்றுவிட்டு, "மோசமில்ல. ஆனா நெஞ்செலும்பு கம்மி," என்றார். எல்லோரும் கை கழுவிவிட்டு எழுந்தோம். அப்போது அம்மா குண்டானிலிருந்து சோற்றை அள்ளிச் சட்டியில் போட்டாள்.

போய் உட்கார்ந்தோம். சோறு சட்டியைச் சுற்றியது. பழுப்பானது. கறியின் கொழுப்பு இல்லாததால் அவ்வளவு பளபளப்பில்லை. மணத்திலும் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. என்ன குறைந்தது என்று எங்கள் நால்வருக்கும் தெரியும். அண்ணன் இரண்டு கையையும் நீட்டினான்.

"ரெண்டு கை இருந்தா ரெண்டு வயிறாடா?"

"ஒன்னு பாப்பாவுக்கும்மா."

இரண்டாவது உருண்டையை இந்த முறை உண்மையிலேயே எனக்குக் கொடுத்தான். அவன் அப்படிக் கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. பழையபடி அவனே தின்றிருக்கலாம்.

அவன் போன பிறகுதான் ஒன்று எங்களுக்கு உறைத்தது. அவனுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் கறி என்றால் ஞாயிறு, நாங்கள் சட்டியைச் சுற்றி உட்காரும் நேரத்தில் அவன் வேலையில் இருப்பான். வெள்ளிக்கிழமை அவன் அறையில் சும்மா இருக்கும்போது எங்கள் வீட்டில் கவுச்சி ஏறாது. இப்போது வெள்ளிக்கிழமைக்குத் தடையில்லை. பலாக்காய், அது இல்லாத மாதங்களில் சேனைக்கிழங்கு, மழைக்குப் பின் காளான், ஒன்றுமில்லாவிட்டால் மீல்மேக்கர். மீல்மேக்கர் சைக்கிள் டியூப் மாதிரி இருக்கிறது என்பது அப்பாவின் கருத்து. பாய் கடையில் சோம்பு டப்பா மறுபடி காலியாகிறது. பக்கத்து வீட்டு அக்கா இன்னும் முழுதாக நம்பவில்லை.

எனக்கு வெள்ளிக்கிழமை மலை வேலை. சட்டிச் சோற்றை அம்மா முந்தின நாள் இரவே செய்து தர ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் வெள்ளியன்று பொழுது விடியும் முன்பே எனக்காக ஒரு சின்னச் சட்டியில் தனியாக வதக்கி, சோறு போட்டுப் பிரட்டி, டிபன் பாக்ஸில் அடைத்துக் கொடுக்கிறாள். மதியம் அதை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அந்த ஒரே இடத்தில் போய் நிற்பேன். போன் மூன்று கட்டங்களாகப் பிரியும். ஒன்றில் அம்மாவும் அப்பாவும் சட்டியும். ஒன்றில் நான். ஒன்றில் அண்ணன், பின்னால் இரும்புக் கட்டில், கையில் தயிர்ச்சோறு.

போன வெள்ளிக்கிழமை அம்மா ஓர் உருண்டை பிடித்துக் கேமராவுக்கு மிக அருகில் கொண்டுவந்தாள். கட்டம் முழுக்கச் சோறாகத் தெரிந்தது. "ந்தா, வாங்கிக்கோ," என்றாள். அண்ணன் தயிர்ச்சோற்றைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினான். அம்மா அவளுடைய வழக்கமான கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தாள். மலையில் காற்று அடித்தது. சிக்னல் போய், படம் அப்படியே நின்றுவிட்டது.

அண்ணனின் கட்டத்தில், கழுவிக் கழுவி வெளுத்துப்போன இரண்டு உள்ளங்கைகள். அதைப் பார்த்துக்கொண்டே என் பாக்ஸில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.